வெங்காய வளையமும் வெப்பக் காற்றும்

(சங்கத்தின் சென்னைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் பெரிய விஷயங்களைப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் செமிகண்டக்டர், இன்னொருவர் மெட்ரோ சுரங்கம். நான் பேசப்போவது வெங்காயம். செயலாளர் போனில் தலைப்பு கேட்டபோது, "ஏர் ஃப்ரையரில் ஆனியன் ரிங்ஸ்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டெக்னிக்கலா ஏதாவது வருமா தம்பி?" என்று கேட்டார். "முழுக்க டெக்னிக்கல்தான் சார்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

யார் யார் வீட்டில் ஏர் ஃப்ரையர் இருக்கிறது, கை தூக்குங்கள். பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறது. சரி, அதில் எத்தனை வீட்டில் அது பிரிட்ஜ் தலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? பார்த்தீர்களா, ஒரு கைகூட இறங்கவில்லை!

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அபிராமபுரத்தில் பழைய ஃப்ளாட். அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. ஒரு தடவை நெஞ்சு வலி வந்து, ஆஞ்சியோ எடுத்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிற நேரத்தில், "பொரிச்சது மட்டும் வேண்டாம் சார்" என்றார். சீட்டில் எழுதியிருந்ததைவிட அந்த வாய்மொழிதான் எங்கள் வீட்டில் சட்டமாயிற்று. அம்மா அன்றைக்கே வாணலியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா கேள்விப்பட்டு, அங்கிருந்தபடியே ஆர்டர் போட்டு, ஒரே வாரத்தில் ஏர் ஃப்ரையர் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கு உயிர் என்றால் வெங்காய பஜ்ஜி. ஆபீஸ் போன காலத்தில் லஸ் கார்னரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பஜ்ஜி, ஒரு காபி என்று முடித்துவிட்டு நடந்தே வருவார். நாற்பது வருஷப் பழக்கம். ஆகவே அம்மா அந்த மெஷினில் முதலில் போட்டது வெங்காய பஜ்ஜிதான். நீங்களும் அதைத்தான் போட்டிருப்பீர்கள். வழக்கமான மாவு, வழக்கமான கரைசல், வட்டமாக நறுக்கிய வெங்காயம், 180 டிகிரி. பதினைந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் மாவெல்லாம் கூடையின் துவாரம் வழியாகக் கீழே இறங்கிக் காய்ந்து கிடக்கிறது. மேலே வெங்காயம் வெறும் மேனியோடு நிற்கிறது. ஒட்டியிருந்த கொஞ்சம் மாவும் வெளுத்துப்போய், வரட்டி மாதிரி இருந்தது. அப்பா ஒன்றை எடுத்து முழுக்கச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இல்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனுஷன் அவர். ஒன்றுமே சொல்லாததுதான் அம்மாவுக்குக் கவலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு அப்பாவின் மாலை நடை அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆனது, அப்புறம் ஒரு மணி ஆனது. டாக்டர் நடக்கச் சொன்னாரே, நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் துணி ஊறவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய நியூஸ் பேப்பர் துண்டு ஒன்று அம்மா கையில் கிடைத்தது. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா அழுதாள். "எழுபது வயசுல திருட்டுத்தனமா பஜ்ஜி சாப்பிடற மனுஷனை எங்கேயாவது பாத்திருக்கியாடா?" என்று என்னிடம் கேட்டாள். (அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். "தாராளமா சொல்லு, எனக்கு என்ன வெட்கம்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.)

இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை, சார். வீட்டு எண்ணெயில் பொரித்து இரண்டு பஜ்ஜி தின்பது வேறு, காலையிலிருந்து கொதித்துக் கொதித்துக் கறுத்த எண்ணெயில் பொரித்ததைத் தின்பது வேறு. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் அது சிதைந்து போலார் காம்பவுண்ட்ஸ் என்று சில பொருட்கள் உண்டாகின்றன. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு வைத்திருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்து, 2018 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது. அச்சடித்த செய்தித்தாளில் தின்பண்டம் மடித்துக் கொடுப்பதும் கூடாது என்று 2016-லேயே அதே ஆணையம் எச்சரித்தது, மையில் உள்ள ரசாயனத்தை முன்னிட்டு. தள்ளுவண்டிக்காரரிடம் போய், "உங்க எண்ணெயில எத்தனை சதவீதம் அண்ணே?" என்று யார் கேட்பது? ஸ்டென்ட் வைத்த மனுஷர், வீட்டில் கிடைக்காததால், இருப்பதிலேயே மோசமான எண்ணெயைத் தேடிப் போய்த் தின்றுகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். வீட்டில் போட்ட தடையால் வந்த பலன் இது.

அப்போதுதான் அந்த மெஷினைப் பிரிட்ஜ் மேலிருந்து இறக்கினேன்.

முதலில் அதன் பேரே தப்பு. ஃப்ரையர் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அது எதையும் பொரிப்பதில்லை. ஒரு ஹீட்டிங் காயில், அதன் மேல் ஒரு ஃபேன், கீழே ஓட்டை போட்ட ஒரு கூடை. அவ்வளவுதான். ஃபேன் வைத்த அவன் என்பது 1940-களிலேயே வந்துவிட்டது. வில்லியம் மேக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடுபண்ணுவதற்காக அப்படி ஒன்றைச் செய்து அதற்குச் சுழற்காற்று அவன் என்று பேர் வைத்தார். பிலிப்ஸ் கம்பெனி 2010-இல் பெர்லின் கண்காட்சியில் ஏர்ஃப்ரையர் என்று கொண்டுவந்து வைத்தது அந்த வம்சத்தில் வந்த பேரப்பிள்ளைதான். அறையைச் சின்னதாக்கி, காற்றை வேகமாக்கினார்கள். அது நல்ல என்ஜினியரிங்தான், அதை நான் குறை சொல்லவில்லை. பேர் வைத்த விளம்பரக்காரரைத்தான் சொல்கிறேன்.

எண்ணெய்க்கும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம் தெர்மல் பாடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே 180 டிகிரியில் ஒரு லிட்டர் எண்ணெய் தன்னுள் தாங்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் காற்று தாங்குவது ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சூடான அவனுக்குள் கையை விட்டு ஒரு தட்டை எடுத்துவிடலாம். அதே சூட்டில் இருக்கிற எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தால் கொப்புளம் வந்துவிடும். ஃபேன் இருப்பதால்தான் காற்றுக்குக் கொஞ்சமாவது மரியாதை.

வாணலியில் பஜ்ஜி விழுந்ததும் எண்ணெய் மூன்று வேலை செய்கிறது. விழுந்த கணத்திலேயே மேல் மாவைக் கெட்டியாக்கி, ஒழுகவிடாமல் பிடித்துவிடுகிறது. அப்புறம் உள்ளே இருக்கிற ஈரத்தை ஆவியாக்கி விரட்டுகிறது. நீங்கள் கேட்கிற அந்த 'சொய்' சத்தம் அதுதான். மூன்றாவதாக, ஈரம் போன இடத்தைச் சிவக்க வைக்கிறது. (இடையில் ஒன்று. ஆவி வெளியே வருகிற வரை எண்ணெய் உள்ளே அதிகம் போக முடியாது. பஜ்ஜியை வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆகவே வாணலியில் பொரிக்கிறவர்கள் ஜாரணியில் நன்றாக வடித்து, சூடாக இருக்கும்போதே காகிதத்தில் ஒற்றிவிட வேண்டும். ஆறின பிறகு ஒற்றிப் பிரயோஜனமில்லை.)

இந்த மூன்றில் ஏர் ஃப்ரையருக்கு இரண்டாவது வேலை நன்றாக வரும். மூன்றாவது மெதுவாக வரும். அது சிவக்கிற நேரத்துக்குள் வெங்காயம் வெந்து குழைந்துவிடும். முதல் வேலை அறவே வராது. கரைத்த மாவைக் கணத்தில் பிடித்து நிறுத்தக் காற்றால் முடியாது. ஆகவே நான் முடிவு செய்தது இதுதான்: அதனிடம் பஜ்ஜி கேட்பதில் அர்த்தமில்லை. வராத இரண்டு வேலைகளை நாம் வெளியிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு, வருகிற வேலையை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நம் பஜ்ஜியைவிட, ஹோட்டலில் தூள் புரட்டிக் கொடுக்கிறார்களே, அந்த ஆனியன் ரிங்ஸ்தான் இந்த மெஷினுக்குத் தோது.

வெங்காயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நூறு கிராம் வெங்காயத்தில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர். அதிலும் பழைய வெங்காயம், புது வெங்காயம் என்று கடைக்காரர் சொல்கிறாரே, அது சும்மா இல்லை. நாசிக் பக்கம் ரபி பருவத்தில் விளைந்து மார்ச்சிலிருந்து மே வரை எடுப்பதைக் காயவைத்துச் சேமித்து, மழைக்காலம் வரை விற்கிறார்கள். தோல் சலசலவென்று காய்ந்து, உள்ளே கெட்டியாக இருக்கும். கரீப் வெங்காயம் அக்டோபர் வாக்கில் வர ஆரம்பிக்கும். அது ஈரம், சீக்கிரம் அழுகும். நம்ம ஊர் விதி பாருங்கள், வடகிழக்குப் பருவமழை கொட்டி, பஜ்ஜி தின்னலாமா என்று நாக்கு கேட்கிற அதே மாதங்களில்தான் மந்தைவெளி மார்க்கெட்டுக்கு ஈர வெங்காயம் வந்து குவிகிறது. ஆனாலும் கேட்டால் பழையது எடுத்துத் தருவார்கள், விலைதான் கொஞ்சம் கூட. 2019 டிசம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் இறக்குமதி செய்தார்களே, நினைவிருக்கிறதா? சாம்பாருக்கு ஆகாது என்று எல்லோரும் திட்டித் தீர்த்த எகிப்து வெங்காயம், அளவில் பெரிசு. வளையத்துக்கு அருமையாக இருந்திருக்கும். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய வெங்காயமாக இரண்டு எடுத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, வளையம் வளையமாகப் பிரிக்க வேண்டும். நடுவில் இருக்கிற குட்டி வளையங்களைச் சாம்பாருக்கு ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். நகத்தால் நெருடினால் உரிந்து வரும். இதை உரிக்காமல் விட்டால் மாவு வழுக்கும். கடித்ததும் வெங்காயம் மொத்தமாக வெளியே வந்து, கையில் வெறும் மாவுக்கூடு மிஞ்சுகிறதே, அதற்கு இந்தச் சவ்வு ஒரு முக்கியக் காரணம். உரிப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. எங்கள் வீட்டில் இது அப்பாவின் டிபார்ட்மென்ட். பேப்பர் படித்துக்கொண்டே உரித்து வைத்துவிடுவார்.

உரித்த வளையத்தைத் துணியில் பரப்பி ஒற்றிவிட்டு, முதலில் உலர்ந்த அரிசி மாவில் புரட்ட வேண்டும். அது மிச்ச ஈரத்தைக் குடித்துக்கொண்டு, அடுத்து வருகிற கரைசலுக்குப் பிடிப்பாக நிற்கும். கரைசலுக்கு கடலை மாவு இரண்டு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு. கடலை மாவை முன்னாலேயே வெறும் சட்டியில் வாசனை வருகிற வரை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். காற்றுச் சூட்டில் பச்சை வாசனை முழுக்கப் போவதில்லை. மிளகாய்த் தூள், பெருங்காயம், ஓமம், உப்பு எல்லாம் உங்கள் கைப்பக்குவம். மைதா போட்டால் இழுவையாகிவிடும், வேண்டாம். பதம் முக்கியம். பஜ்ஜி மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு. வளையத்தைத் தோய்த்துத் தூக்கினால் சொட்டவே கூடாது.

அடுத்ததுதான் உயிர்நாடி. ரஸ்க்கை மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்றுச் சுற்றி, வாணலியில் மூன்று டீஸ்பூன் எண்ணெய் விட்டு, பொன்னிறமாக முன்கூட்டியே வறுத்து ஆறவைத்துக்கொள்ள வேண்டும். ஆமாம், அந்த வாணலி பரணிலிருந்து இறங்கியே ஆக வேண்டும். தோய்த்த வளையத்தை இந்தத் தூளில் புரட்டி, லேசாக அழுத்தி, தட்டில் அடுக்கி இருபது நிமிஷம் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகிவிடும். இப்போது கணக்குப் பாருங்கள். கெட்டிப்படுத்துகிற வேலையை அரிசி மாவும் பிரிட்ஜும் செய்துவிட்டன. சிவக்க வைக்கிற வேலையை வாணலி செய்துவிட்டது. மெஷினுக்கு மிச்சம் இருப்பது ஈரத்தை விரட்டுவது மட்டும்தான்.

மெஷினைக் காலியாக 200 டிகிரியில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, கூடையில் பிரஷ்ஷால் கொஞ்சம் எண்ணெய் தடவி, வளையங்களை ஒன்றன் மேல் ஒன்று படாமல் வையுங்கள். மேலே மேலே அடுக்கினால் காற்று எப்படிப் போகும்? ஃபேன் வைத்த மெஷினை வாங்கிவிட்டு, காற்றுப் போகிற வழியையே அடைத்தால் என்ன செய்வது! 190 டிகிரியில் ஐந்து நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னும் நாலு நிமிஷம். மெஷினுக்கு மெஷின் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகும், ஆகவே முதல் தடவை எட்டாவது நிமிஷம் எட்டிப் பாருங்கள். மொத்த எண்ணெய் ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டிதான். டப்பாவில் அடைத்து விற்கிற ஸ்ப்ரே எண்ணெயைக் கூடையில் அடிக்காதீர்கள். அதில் கலந்திருக்கிற லெசித்தின் பிசினாக ஒட்டி நான்-ஸ்டிக் பூச்சைக் கெடுத்துவிடும்.

எலெக்ட்ரிகல் ஆசாமிகள் கோபித்துக்கொள்வதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 1,400, 1,500 வாட். 230 வோல்ட்டில் 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். எங்களைப் போன்ற பழைய ஃப்ளாட்டுகளின் சமையலறையில் ஒரே ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் இருக்கும். அதை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கும். உடனே நாம் என்ன செய்வோம்? கடையில் கன்வெர்ஷன் பிளக் ஒன்று வாங்கி, 5 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் சொருகுவோம். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் பிளக் பழுக்கும், வாடை வரும். வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை. வெளிநாட்டிலிருந்து அப்பா அம்மாவுக்கு மெஷின் ஆர்டர் போடுகிற நம் நண்பர்கள், அதே ஆர்டரோடு ஒரு எலெக்ட்ரீஷியனுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். தனி ஒயர் இழுத்து ஒரு பெரிய பாயின்ட் போடுகிற செலவு, மெஷின் விலையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கரண்ட் செலவும் பயப்படும்படி இல்லை. இரண்டு ஈடு போட்டு முடித்தாலும் முக்கால் யூனிட்டுக்குள்தான்.

சரி, அப்பா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். முதல் ஈடு எடுத்து வைத்தபோது கடித்த சத்தம் ஹாலில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார். பிறகு, "பஜ்ஜி இல்லைப்பா இது. ஆனா, இதுக்கும் ஒரு காபி சாப்பிடலாம்" என்றார். அந்தத் தீர்ப்பை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பஜ்ஜியின் உப்பலும், உள்ளே இருக்கிற அந்த மெத்தென்ற மாவும் இதில் வராது. எவ்வளவு செலவு செய்து எந்த மெஷின் வாங்கினாலும் வராது. வரும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். இது மாத்திரையும் இல்லை. உப்பும் மாவும் அதேதான் என்பதால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்று அம்மா வரையறை வைத்திருக்கிறாள்.

அப்பா வெளியே சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டாரா என்றால், இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை மயிலாப்பூர் பக்கம் போகிறார். "போய் ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார். "ரெண்டுதான்" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் மாலை நடை பழையபடி அரை மணி ஆகிவிட்டது.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு விஷயம். எடுத்த வளையத்தைத் தட்டில் குவிக்காதீர்கள், எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடவே மூடாதீர்கள். உள்ளே இருக்கிற ஆவிக்கு வெளியே போக வழியில்லாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் நமத்துவிடும். நம்ம சென்னைக் காற்றின் ஈரம் வேறு சேர்ந்துகொள்ளும். கம்பித் தட்டு இருந்தால் அதில் பரப்புங்கள், இல்லாவிட்டால் ஓட்டைத் தட்டு போதும். பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எங்கள் மெஷினில் ஒரு ஈடுக்கு எட்டு வளையம்தான் கொள்ளும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடிவதில்லை. முதல் ஈடு அப்பாவுக்கு. உரித்துக் கொடுத்த கூலி. அடுத்தது குழந்தைகளுக்கு. அம்மா கடைசியில் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வாள், நாங்கள்தான் இரண்டாவது ஈட்டிலேயே அவளுக்கு இரண்டு எடுத்து வைத்துவிடுகிறோம்.